ஏரி புளித்தது யாரால்?

விஞ்ஞானிகள் தமது கண்டுபிடிப்புக்களை முதலில் ஆய்வேடுகளில் வெளியிடுவர். பத்திரிகைக்காரர்களாகிய நாம் பின்னர் அவற்றைத் தேடியெடுத்து, சுருக்கி, சில வேளைகளில் குழப்பியும் வாசகர்களுக்குத் தருவோம். 1967 ஆம் ஆண்டு சுவீடனில் இந்த வழமை தலைகீழாயிற்று. சுவாந்தே ஓடேன் என்ற மண்ணியல் அறிஞர், ஸ்கண்டினேவியாவில் பெய்யும் மழை ஆண்டுக்கு ஆண்டு புளித்து வருகிறது என்பதை 'டாகென்ஸ் நிஹேட்டர்' நாளிதழில் எழுதினார். அதற்குக் காரணமான கந்தகப் புகை பிரித்தானியாவிலிருந்தும் மத்திய ஐரோப்பாவிலிருந்தும் காற்றோடு வருகிறது என்றும் கூறினார். அறிஞர் வட்டாரத்துக்கு முன்னரே அரசியல்வாதிகளும் மீனவர்களும் அதை வாசித்தனர். ஐந்து ஆண்டுகளின் பின், 1972 இல் ஸ்டொக்ஹோமில் நடந்த ஐக்கிய நாடுகள் மனிதச் சூழல் மாநாட்டில், சுவீடன் இதனைத் தனது முறைப்பாடாகவே உலகின் முன் வைத்தது.

அந்த முறைப்பாட்டிற்கு என்ன பதில் கிடைத்தது, அந்தப் பதிலில் எவ்வளவு உண்மை இருந்தது, உண்மையின் ஒரு பாதி எவ்வாறு பொய்க்குக் கவசமாயிற்று என்பதே இக்கட்டுரையின் பொருள். இதில் யாழ்ப்பாணத்துக் கிணறுகளுக்கும் ஒரு பாடம் உண்டு. அதற்கு முன்னர் நாம் நோர்வேயின் தென்கரைக்குப் போய்வர வேண்டும்.

மழைக்கும் ஏரிக்கும் இடையில் இருப்பது

அமில மழை என்பது புதிய சொல் அன்று. ரொபர்ட் அங்கஸ் ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்து இரசாயன அறிஞர், மன்செஸ்டர் நகரின் நிலக்கரிப் புகையையும் மழை நீரையும் ஆராய்ந்து, 1872 இல் வெளியிட்ட தமது நூலில் இச்சொல்லைப் பயன்படுத்தினார். ஆனால் அவர் கண்டது புகை கக்கும் நகரத்தையும் அதன் அயலையும் மட்டுமே. நூறு ஆண்டுகளின் பின் ஸ்கண்டினேவியர் கண்டது வேறு. தம்மிடம் பெருந்தொகையான நிலக்கரி ஆலைகள் இல்லாத நாட்டில், ஆள் நடமாட்டம் குறைந்த மலையேரிகளில் மீன்கள் அழிந்துகொண்டிருந்தன.

தூய மழைநீரிலும் சிறிதளவு அமிலம் உண்டு. வளியிலுள்ள காபனீரொட்சைட்டு கரைவதால் அதன் பி.எச். பெறுமானம் ஏறத்தாழ 5.6 ஆக இருக்கும். 1970களில் தென் நோர்வேயில் பெய்த மழையின் பெறுமானம் 4.3 அளவில் இருந்தது. பார்வைக்கு இது சிறிய வேறுபாடு. ஆனால் இந்த அளவுகோலில் ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடும். ஆகவே அந்த மழை இயல்பான மழையைவிட ஏறத்தாழ இருபது மடங்கு புளித்திருந்தது.

அந்த மழை விழுந்த எல்லா ஏரிகளும் புளித்தனவா என்றால், இல்லை. இங்கேதான் பாறை குறுக்கே வருகிறது. மழை நேரே ஏரியில் விழுவது சிறு பங்கே. பெரும்பங்கு மலைச்சரிவில் விழுந்து, மண்ணூடாகக் கசிந்து, பாறையைத் தழுவி, பின்னரே ஏரியைச் சேர்கிறது. நிலத்தடியில் சுண்ணாம்புக்கல் இருந்தால் அது அமிலத்தைத் தின்றுவிடும். தான் சிறிது கரைந்து நீரைக் காப்பாற்றும். தென் நோர்வேயின் அடியில் இருப்பது கருங்கல்லும் அதையொத்த நைஸ் பாறையும். அவை எளிதில் கரையா. மேலே இருந்த மண்ணையும் பனியுகத்துப் பனிப்பாறைகள் வழித்துக்கொண்டு போய்விட்டன. எஞ்சியிருக்கும் மெல்லிய மண்ணில் அமிலத்தை ஏற்று மாற்றக்கூடிய கல்சியம் சொற்பம். அது தீர்ந்ததும் அமிலம் மண்ணிலுள்ள அலுமினியத்தைக் கரைத்து ஏரிக்குக் கொண்டுவரும். அந்த அலுமினியம் மீனின் செவுள்களில் படியும். உடலின் உப்புச் சமநிலை குலையும். மூச்சும் திணறும். குளிர்காலம் முழுவதும் பனியில் சேர்ந்த அமிலம், வசந்தத்தில் பனி உருகும் சில நாட்களில் ஒருமிக்க வந்திறங்கும். 1975 இன் வசந்தத்தில் தொவ்தால் ஆற்றில் டிரவுட் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தது அவ்வாறுதான்.

பாறையின் பங்கை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் கனடாவில் உண்டு. டொரொன்டோவில் வாழும் நம்மவர் பலர் கோடை விடுமுறைக்குப் போய்வரும் கிலார்னிப் பகுதியின் மலைகள் வெண்ணிறப் படிகப்பாரினால் ஆனவை. அமிலத்துக்கு எதிராக ஒன்றும் செய்ய இயலாத பாறை அது. டொரொன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரோல்ட் ஹார்வி, றிச்சர்ட் பீமிஷ் இருவரும் 1972 இல், அம்மலைகளிலுள்ள ஏரிகள் புளித்து மீன் இனங்கள் அற்றுப்போய்விட்டதை எழுதினர். அண்மையில் சட்பரி நகரத்தின் நிக்கல் உருக்காலைகள் இருந்தன. ஆனால் கிலார்னிக்கு எதிரே, நீருக்கு அப்பால் இருக்கும் மனிற்றூலின் தீவின் ஏரிகளுக்கு அந்தக் கதி நேரவில்லை. அத்தீவின் அடியில் சுண்ணாம்புப் பாறை. ஒரே வானம், ஒரே காற்று, இருவேறு விதிகள்.

புகைபோக்கியின் உயரம்

1952 டிசெம்பரில் இலண்டன் மாநகரைப் புகைமூட்டம் ஐந்து நாட்கள் சூழ்ந்தது. குறைந்தது 4,000 பேர் இறந்தனர். பின்னர் செய்யப்பட்ட கணிப்புக்கள் இத்தொகை இன்னும் பன்மடங்கு என்கின்றன. 1956 இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. நகரத்தார் மூச்சுவிட முடிந்தது. ஆனால் மின்நிலையங்களின் கந்தகம் நின்றுவிடவில்லை. புகைபோக்கிகளை உயர்த்திக் கட்டினார்கள். உயரத்தில் விடப்பட்ட புகை ஊரில் இறங்காது, அடுத்த நாட்டில் இறங்கும். சட்பரியில் 1972 இல் கட்டி முடிக்கப்பட்ட புகைபோக்கியின் உயரம் 381 மீற்றர். அது எழுந்ததும் சட்பரி நகரத்துக் காற்று தெளிந்தது. தொலைவிலுள்ள ஏரிகள் அதற்கான விலையைக் கொடுத்தன.

நமது ஊரில் முற்றத்துக் குப்பையைக் கூட்டி வேலிக்கு அப்பால் தள்ளுவாரைக் கண்டிருக்கிறோம். இது அந்த வேலைதான். வேலிக்குப் பதிலாகக் கடல் இருந்தது.

ரொசன்குவிஸ்ட் எழுப்பிய கேள்வி

இந்த வேளையில், குற்றம் சாட்டிய நாட்டிலிருந்தே ஒரு மறுப்புக் குரல் எழுந்தது. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் நிலவியற் பேராசிரியர் இவான் ரொசன்குவிஸ்ட் சாதாரணமானவர் அல்லர். நோர்வேயில் திடீரெனக் குழம்பாகி வீடுகளை விழுங்கும் களிமண்ணின் இரகசியத்தை விளக்கிப் புகழ்பெற்றவர். 1977 இல் அவர் வெளியிட்ட நூலின் பெயர், தமிழில் கூறுவதாயின், 'புளித்த மண், புளித்த நீர்'.

அவரது வாதம் இதுதான். மழை கொண்டுவரும் அமிலத்தைவிட மண்ணிலேயே இருக்கும் அமிலம் மிகப் பெரிது. ஆற்று நீரின் தன்மையைத் தீர்மானிப்பது மண்ணும் பாறையுமே. இந்த நூற்றாண்டில் தென் நோர்வேயின் மலைக் கமங்கள் கைவிடப்பட்டன. கோடைகால மேய்ச்சல் நின்றது. ஆடும் மாடும் மேய்ந்த இடங்களில் பற்றையும் ஊசியிலை மரங்களும் வளர்ந்தன. அவற்றின் சருகு உக்கிப் புளித்த மக்கு திரண்டது. ஏரிகள் புளித்ததற்கு இந்த நிலப்பயன்பாட்டு மாற்றமே முதன்மைக் காரணம். வெளிநாட்டுப் புகை அன்று.

இதனை உளறல் என்று தள்ளிவிட முடியாது. மரம் வளரும்போது மண்ணிலிருந்து கல்சியத்தை எடுத்துக்கொண்டு அமிலத்தை விடுகிறது என்பது உண்மை. ஊசியிலைக் காட்டின் சருகு மண்ணைப் புளிக்கச் செய்கிறது என்பதும் உண்மை. மேய்ச்சல் நிலம் காடாக மாறினால் நீரின் இரசாயனம் மாறும் என்பதும் உண்மை. ரொசன்குவிஸ்ட் நேர்மையாகவே கேள்வி கேட்டார். ஆனால் அவருடைய கேள்வியை வேறு சிலர் விடையாக எடுத்துக்கொண்டனர். புகை கக்கிய தரப்பினருக்கு இதைவிட இனிய செய்தி இருக்க முடியாது. பிரித்தானிய மின்சாரத் துறையும் அதற்குத் துணைநின்ற அரசியல்வாதிகளும், 'காரணம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை, மேலும் ஆராய வேண்டும்' என்று சொல்லிக்கொண்டிருந்தனர். 1985 இல் ஹெல்சிங்கியில் கந்தக வெளியேற்றத்தை 30 வீதம் குறைப்பதற்கு ஐரோப்பிய நாடுகள் பல உடன்பட்டபோது பிரித்தானியா கையொப்பமிடவில்லை. அமெரிக்காவும் இடவில்லை.

இங்கே எனது தொழிலையும் சற்றுக் குறை கூறவேண்டியிருக்கிறது. இரு தரப்பையும் கேட்டு எழுது என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். நல்ல பாடம். ஆனால் இரு தரப்பிற்கும் சம இடம் கொடுத்துவிட்டால் உண்மை நடுவில் எங்கோ இருக்கும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மைக்கு நடுவில் நிற்கவேண்டிய கடமை எதுவும் இல்லை. ஒரு வாதம் சோதிக்கப்படக் கூடியதாயின் அதைச் சோதித்துப் பார்த்தார்களா என்று கேட்பதே செய்தியாளரின் வேலை. நோர்வேயும் ஸ்கொட்லாந்தும் அந்தச் சோதனையைச் செய்தன.

ஏரியின் அடியில் இருந்த சாட்சி

முதலாவது சாட்சியம் ஸ்கொட்லாந்தின் தென்மேற்கிலுள்ள கலவே மலைகளிலிருந்து வந்தது. தயற்றம் என்னும் நுண்ணிய பாசிக்குக் கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடு உண்டு. அவற்றில் சில இனங்கள் புளித்த நீரை விரும்பும், சில வெறுக்கும். செத்த பின் ஓடுகள் ஏரியின் அடியில் ஆண்டுக்கு ஆண்டு படையாகப் படியும். அந்தச் சேற்றைக் குழாயால் குத்தியெடுத்து, ஒவ்வொரு படையிலும் எந்த இனம் மிகுந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், அந்த ஏரி எந்தக் காலத்தில் எவ்வளவு புளித்திருந்தது என்பது தெரியவரும். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ரொஜர் ஃபிளவர், றிக் பற்றர்பீ இருவரும் இம்முறையில் இரண்டு ஏரிகளை ஆராய்ந்து 1983 இல் 'நேச்சர்' ஏட்டில் எழுதினர். இரண்டும் கருங்கல் மேல் அமைந்தவை. ஒன்றின் சூழலில் ஊசியிலை மரங்கள் நடப்பட்டிருந்தன. மற்றதைச் சுற்றி மரமே நடப்படவில்லை. இரண்டும் புளித்திருந்தன. மரம் நடப்படாத ஏரியில் அந்த மாற்றம் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பிரித்தானியாவின் ஆலைகள் பெருகிய காலத்தில் தொடங்கியிருந்தது. அங்கு ஊசியிலைக் காட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இயலவில்லை.

இரண்டாவது சாட்சியம் தென் நோர்வேயின் ரிஸ்தால்ஸ்ஹெயா என்ற இடத்தில் உருவாக்கப்பட்டது. 1984 இல் அங்கே, மரமும் பற்றையும் நிறைந்த ஏறத்தாழ 860 சதுர மீற்றர் சரிவொன்றின் மேல் ஒளி புகும் கூரை ஒன்றைப் போட்டார்கள். விழுந்த அமில மழையைக் கூரையால் மறித்து, அமிலம் நீக்கிய நீரைக் கூரையின் கீழே தெளித்தார்கள். மண் அதே மண். பாறை அதே பாறை. மரங்களும் அதே மரங்கள். மாறியது மழை ஒன்றுதான். நிலப்பயன்பாடே காரணமாயின் ஓடிவரும் நீர் மாறியிருக்கக் கூடாது. சில ஆண்டுகளுக்குள் அந்த நீரிலிருந்த சல்பேற்றுப் பெருமளவு குறைந்தது. நீர் மெல்ல மெல்லத் தேறத் தொடங்கியது. மேற்கு நோர்வேயின் தூய மலைப்பகுதியான சொக்ன்தாலில் இதன் மறுதலையைச் செய்தார்கள். மாசற்ற சரிவில் அமிலத்தைத் தெளித்தபோது அங்கு நீர் புளித்தது.

ரொசன்குவிஸ்டின் வாதத்தில் விடுபட்டது எது என்பதையும் இரசாயனம் விளக்கியது. மண்ணில் அமிலம் எவ்வளவு குவிந்திருந்தாலும் அது தனியே பயணம் செய்வதில்லை. அதைக் கைப்பிடித்து ஏரிக்குக் கூட்டிச் செல்ல ஒரு துணை வேண்டும். அத்துணையே சல்பேற்று. காலங்காலமாக மண்ணில் உறங்கிய அமிலத்தை ஏரிவரை நடத்திச் சென்றது மழையில் வந்த சல்பேற்று. அந்தச் சல்பேற்று வந்தது புகைபோக்கியிலிருந்து.

பிரித்தானிய மின்சாரத் துறையும் நிலக்கரிச் சபையும் சேர்ந்து 1983 இல் 50 இலட்சம் பவுண் கொடுத்து, மூன்று நாட்டு அறிவியல் கழகங்களின் மேற்பார்வையில் பெரியதோர் ஆய்வைத் தொடக்கின. காலம் கடத்தும் தந்திரம் என்று அன்று பலர் ஐயுற்றனர். காசு கொடுத்தவர்களுக்கு அந்த ஆய்வு சாதகமாக அமையவில்லை. 1986 இல் பிரித்தானியா தனது பழைய மின்நிலையங்கள் சிலவற்றிலும் கந்தகம் நீக்கும் கருவியைப் பூட்ட இணங்கியது. யோர்க்ஷயரின் ட்ராக்ஸ் நிலையம் அவற்றுள் முதன்மையானது. அந்தக் கருவி புகையைக் கழுவுவதற்குப் பயன்படுத்துவது என்ன தெரியுமா? அரைத்த சுண்ணாம்புக்கல். நோர்வேயின் மலைகளுக்கு இயற்கை கொடுக்க மறந்த கல்லை, மனிதர் கடைசியில் புகை புறப்படும் இடத்திலேயே வைத்தனர்.

பாதி உண்மைக்கும் மதிப்பு உண்டு

இத்தோடு நிறுத்தினால் நானும் ஒருபக்கக் கதை சொன்னவனாவேன். நிலப்பயன்பாடு முதற் குற்றவாளி அன்று என்று தெரிந்த பின்னரே, அது எப்படிப்பட்ட உடந்தை என்பது தெளிவாயிற்று. வேல்சில் லின் பிரியான் நீர்த்தேக்கத்தைச் சுற்றிய ஓடைகளை 1980களின் தொடக்கம் முதல் ஆராய்ந்து வருகிறார்கள். ஒரே மழை பெறும் அயலயல் ஓடைகளில், ஊசியிலை மரங்கள் நட்ட சரிவிலிருந்து வருவது, புல்வெளியிலிருந்து வருவதைவிடக் கூடுதலாகப் புளித்திருந்தது. நெருக்கமான ஊசியிலைகள் காற்றிலும் முகிலிலும் உள்ள மாசை வடிகட்டிப் பிடித்து மண்ணுக்கு இறக்குகின்றன. மரம் அமிலத்தைப் படைக்கவில்லை, வந்ததைப் பெருக்கியது.

ஐரோப்பாவின் கந்தக வெளியேற்றம் 1980 உடன் ஒப்பிட்டால் இன்று பத்தில் எட்டுப் பங்கிற்கு மேல் குறைந்துவிட்டது. சட்பரியின் பெரும் புகைபோக்கியும் 2020 இல் சேவையிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் ஏரிகள் அதே வேகத்தில் மீளவில்லை. பல தசாப்தங்களாக அமிலம் கழுவிச் சென்ற கல்சியம் மண்ணுக்குத் திரும்ப நெடுங்காலம் வேண்டும். மரத்தை வெட்டி ஏற்றிச் செல்லுந்தோறும் மரத்திலிருந்த கல்சியமும் போய்விடுகிறது. டொரொன்டோவிற்கு வடக்கே மஸ்கோக்கா ஏரிப் பகுதியில், வீட்டு அடுப்புச் சாம்பலைச் சேகரித்துக் காட்டு மண்ணில் தூவிப் பார்க்கிறார்கள். வாழையடியிலும் கீரைப்பாத்தியிலும் அடுப்புச் சாம்பல் கொட்டிய நமது அப்பாச்சிமாருக்கு இது புதுமையாக இராது. தென் நோர்வேயில் அரசாங்கம் ஆறுகளில் சுண்ணாம்பு கலந்தே வருகிறது. மந்தால் ஆற்றில் சல்மன் மீன் திரும்பிவந்தது அதன் பயனாக.

இலங்கையிலும் ஒரு சான்று உண்டு. மாத்தறையில் நில்வளா கங்கையின் வெள்ளத்தைத் தடுக்க 1980களில் அணைகள் கட்டி, தாழ்நிலத்து நீரை வடித்தார்கள். நெல் விளையும் என்று எதிர்பார்த்தார்கள். அந்தச் சதுப்பு மண்ணில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் நீருக்குள் அமைதியாகக் கிடந்தது. நீர் வடிந்து காற்றுப் பட்டதும் அது கந்தக அமிலமாக மாறியது. வயல்கள் கைவிடப்பட்டன. இங்கே வெளிநாட்டுப் புகை எதுவும் இல்லை. மண்ணை அறியாமல் செய்த நிலப்பயன்பாடே குற்றவாளி. ரொசன்குவிஸ்ட் நில்வளாவைப் பற்றிப் பேசியிருந்தால் அவர் சொன்னது முழு உண்மையாகியிருக்கும்.

ஆகவே பாறையா, நிலப்பயன்பாடா, புகையா என்ற கேள்விக்கு எல்லா இடத்துக்கும் பொதுவான விடை கிடையாது. இடந்தோறும் அளந்துதான் பார்க்கவேண்டும். இதை ஐரோப்பிய நாடுகள் ஒரு சட்டக் கொள்கையாகவே ஆக்கின. 1994 இல் ஒஸ்லோவில் செய்யப்பட்ட கந்தக உடன்படிக்கை, எல்லோரும் ஒரே வீதத்தில் குறையுங்கள் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு நிலமும் எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் என்று வரைபடம் போட்டு, அந்தத் தாங்கு எல்லையை முன்வைத்து ஒவ்வொரு நாட்டின் கடப்பாட்டையும் பேசியது. 'உனது பாறை பலவீனமானது, அது உனது விதி' என்ற பழைய பேச்சு, 'உனது பாறை பலவீனமானது, ஆகவே எனது பொறுப்புக் கூடியது' என்று மாறிற்று. சூழல் அரசியலில் இதைவிடப் பெரிய நீதியை நான் அறியேன்.

யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்

இனி நமது வீட்டுக்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாடு நோர்வேக்கு நேர் எதிரானது. அங்கே கருங்கல், இங்கே அடிமுடியாகச் சுண்ணாம்புக்கல். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. மாரியில் பெய்யும் மழை செம்மண்ணூடாக இறங்கி, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்களிலும் பொந்துகளிலும் தங்கி, உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நாம் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அதைத்தான். இந்த நிலத்தை அமில மழை அண்டாது. சுண்ணாம்புக்கல் அதைக் குடித்து ஏப்பமிடும்.

அந்தப் பலமே இதன் பலவீனம். வெடிப்புள்ள கல் அமிலத்தைத் தடுக்கும், அழுக்கைத் தடுக்காது. வலிகாமத்தில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் இடும் யூரியா, மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைத்திரேற்றாக மாறும்போது அங்கும் அமிலம் பிறக்கிறது. நோர்வேயில் என்றால் அந்த அமிலம் மீனைக் கொன்று தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கும். இங்கே சுண்ணாம்புக்கல் அமிலத்தைத் தின்றுவிடுகிறது. நீரின் பி.எச். மாறுவதில்லை. கல் சிறிது கரைந்து, இயல்பிலேயே வன்மையான நீரின் வன்மையைக் கூட்டும். நைத்திரேற்று மட்டும் நீரோடு கிணற்றுக்குப் போகும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, சுவையும் இல்லை. கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகி, அதன் செறிவு இன்னும் கூடும். குழி மலசலகூடங்களும் கிணறுகளும் ஒரே சிறு வளவுக்குள் நெருங்கி நிற்கும் இடங்களில் மனிதக் கழிவும் அதே வழியால் இறங்குகிறது.

குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. கைக்குழந்தைகளின் குருதி உயிர்வாயுவை ஏற்க முடியாமற் போகும் ஆபத்தை முன்னிட்டு வகுக்கப்பட்டது அது. வலிகாமத்தின் தோட்டப் பகுதிகளில் இந்த எல்லையைத் தாண்டிய கிணறுகள் பல என்பதை 1980களின் தொடக்கத்திலிருந்தே ஆய்வுகள் சொல்லி வருகின்றன. நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இதற்காக எவரும் ஊர்வலம் போனதாக நான் அறியவில்லை.

சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது ஊர்வலம் போனார்கள். போனது சரியே. வழக்கும் நடந்தது. மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும் என்று 2019 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது. குற்றவாளியும் வெளியில் இருந்தான். நைத்திரேற்று கண்ணுக்குத் தெரியாது. அதற்குக் குற்றவாளியைத் தேடப் புறப்பட்டால் நமது வீட்டு வாசலுக்கே திரும்பி வரவேண்டியிருக்கும்.

நோர்வேயில் நடந்தது பிறருடைய குற்றத்தை நிலத்தின் மேல் போட்ட கதை. நமது கதை நிலப்பயன்பாட்டின் குற்றத்தைப் பேசாமலே விட்ட கதை. இரண்டிலும் ஒரே ஆசைதான் இருக்கிறது: காரணம் எதுவாக இருந்தாலும் அது நானாக இருக்கக் கூடாது.

கமக்காரரைக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் அன்று. கூடுதலாகப் பசளை இடும்படி அவருக்குப் போதித்ததும், மானியம் கொடுத்ததும் அரசுகளே. பின்னர் ஒரே இரவில் தடுத்ததும் அரசே. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை நாடு முழுவதற்குமாகத் தடைசெய்தார்கள். விளைச்சல் வீழ்ந்தது. நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். நுவரெலியாவின் தேயிலை மண்ணுக்கும் உரும்பிராயின் செம்மண்ணுக்கும் பொலன்னறுவையின் வயலுக்கும் ஒரே சட்டம். நிலம் எவ்வளவு தாங்கும் என்று எவரும் கேட்கவில்லை. அளவில்லாத மானியமும் அளவில்லாத தடையும் நிலத்தை அறியாத ஒரே அறியாமையின் இரு முகங்கள்.

நான் கேட்பது பெரிய காரியம் அன்று. குடாநாட்டின் எந்தப் பகுதியில் மண் மெல்லியது, எங்கே கல் வெடித்திருக்கிறது, எங்கே குடிநீர்க் கிணறுகள் நெருங்கியிருக்கின்றன என்று ஒரு தாங்கு எல்லை வரைபடம் வேண்டும். அதற்கேற்பப் பசளையின் அளவும், அதைப் பிரித்து இடும் தவணைகளும் பரிந்துரைக்கப்பட வேண்டும். மலசலகூடத்துக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரத்தைக் கடுதாசியில் மட்டும் அளக்காமல் நிலத்திலும் அளக்க வேண்டும். சிறு வளவுகளில் அடி பூசி மூடிய தொட்டிகளைக் கட்ட உதவ வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஒவ்வொரு கிராம சேவையாளர் பிரிவிலும் சில கிணறுகளையேனும் மாரிக்கு முன்னும் பின்னும் சோதித்து, பெறுபேற்றைப் பெட்டிக்குள் பூட்டிவைக்காமல் பத்திரிகைகளில் வெளியிட வேண்டும். நூல் நிலையத்துச் சுவரிலாவது ஒட்டிவைக்க வேண்டும். தங்கத்தின் விலையை அன்றாடம் அச்சிடும் பத்திரிகைகள், ஆண்டுக்கு இருமுறை கிணற்று நீரின் கணக்கை அச்சிடலாம்.

நோர்வேயிலும் கனடாவிலும் வாழும் நம்மவர் ஊருக்குப் பணம் அனுப்பிக் கோயிலுக்குக் கோபுரம் கட்டுகிறார்கள். பாடசாலைக்கு மண்டபம் கட்டுகிறார்கள். நல்ல காரியங்கள். ஏரிகளை அளந்து, உண்மையைக் கண்டு, அயல்நாட்டையே திருத்தவைத்த மக்களின் நடுவில் அவர்கள் வாழ்கிறார்கள். அந்த அளக்கும் பழக்கத்தையும் ஒருமுறை ஊருக்கு அனுப்பிவைப்பார்களாயின், நமது கிணறுகள் அவர்களை வாழ்த்தும்.